இடது பாதி மட்டும் செத்த அடுப்பு: எல்லையோர அடுக்களை ஒன்றின் வயரிங் ஆய்வு

இடம்: தமிழ்நாடு-கேரள எல்லையை ஒட்டி, குமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவில் குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே ஒரு மாடி வீடு. பொருள்: வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் அனுப்பிய 7.2 கிலோவாட் இண்டக்‌ஷன் ஹாப் (மேடையில் பதிக்கும் மின்னடுப்பு), நான்கு வட்டம் கொண்டது. கூடவே அலமாரிக்குள் பதிக்கும் 2.9 கிலோவாட் ஓவன். இரண்டும் புதியவை.

குறை மூன்று. ஹாப்பை ஆன் செய்த சில நொடிகளில் இடது பக்க இரண்டு வட்டங்களும் 'டப்' என்ற சத்தத்தோடு நின்றன, கருகல் வாடை வந்தது. வலது பக்கம் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. ஓவனைப் போட்டால் மூன்று நான்கு நிமிடத்தில் வீடு முழுக்கக் கரண்ட் போனது. அதற்கு யாரோ ஒரு வைத்தியம் செய்து போனார்கள். அதன்பின் கரண்ட் போகவில்லை, ஆனால் ஈரக்கையோடு ஓவன் கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்றது. மூன்றாவதை வீட்டுக்காரர்கள் கவனிக்கவே இல்லை: ஹாப்புக்குக் கீழே இழுப்பறைக்குப் பின்னால் இருந்த இணைப்புப் பெட்டியின் மூடி பழுப்பேறி வளைந்திருந்தது.

கப்பலில் வந்த சாமான், வழியில் அடிபட்டிருக்கும் என்பதுதான் வீட்டில் எல்லோருடைய முடிவும். அடி எதுவும் படவில்லை. ஓவன் கம்பியில் ஏறிய ஈரத்தைத் தவிர, மற்றதெல்லாம் சுவரிலிருந்து சாதனம் வரையுள்ள கடைசி ஒரு மீட்டரில் செய்த வேலையால் வந்தவை.

நிறம் சொன்ன பொய்

வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு. கட்டும்போதே அடுக்களைக்கென்று டி.பி. பெட்டியிலிருந்து (வீட்டின் மின் பகிர்வுப் பெட்டி) 25 மில்லிமீட்டர் பைப்பில் 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர்) வயர் ஐந்து இழுத்து விட்டிருந்தார்கள்: சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, பச்சை. முதல் மூன்றும் ஆர், ஒய், பி ஃபேஸ்கள். கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். நம் ஊரில் வயர்மேன்கள் காலங்காலமாகப் பழகிய வரிசை இது.

ஹாப்பின் அடியிலிருந்து வந்த கேபிளிலும் ஐந்து வயர்: பழுப்பு, கறுப்பு, சாம்பல், நீலம், பச்சை-மஞ்சள். இணைத்தவர் சொன்ன கணக்கு இது: "மூணு ஃபேஸு, ஒரு நியூட்ரலு, ஒரு எர்த்து. அஞ்சுக்கு அஞ்சு சரியா இருக்குல்லா அண்ணாச்சி!" கறுப்பைக் கறுப்போடும் நீலத்தை நீலத்தோடும் சேர்த்தார். மிஞ்சிய பழுப்பைச் சிவப்போடும் சாம்பலை மஞ்சளோடும் முறுக்கினார். பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரு தவறும் தெரியாது.

ஐரோப்பிய முறைக் கேபிளில் நீலம்தான் நியூட்ரல், கறுப்பு ஒரு ஃபேஸ். நம் முறைக்கு நேர் எதிர். போதாததற்கு, இந்த மாடலில் சாம்பலும் நியூட்ரல்தான். ஹாப்புக்குள்ளே இரண்டு தனி பவர் போர்டுகள் இருக்கின்றன. இடது போர்டுக்குப் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். வலது போர்டுக்குக் கறுப்பு ஃபேஸ், சாம்பல் நியூட்ரல். இது மூன்று ஃபேஸ் சாதனமே இல்லை, இரண்டு ஃபேஸில் ஓடுவது.

இந்த இணைப்பில் இடது போர்டுக்குப் போனது ஆர் ஃபேஸுக்கும் பி ஃபேஸுக்கும் இடையிலான மின்னழுத்தம், அதாவது சுமார் 400 வோல்ட். போர்டு எதிர்பார்த்தது 230. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றிய பின் அந்த போர்டில் வழக்கமாக 325 வோல்ட் அளவில் உச்சம் நிற்கும், இங்கே அது 565 வரை ஏறியது. இடி, மின்னல் அதிர்ச்சியைத் தாங்க போர்டின் வாசலில் வைத்திருக்கும் வேரிஸ்டர் முதலில் வெடித்தது. கூடவே ஃபியூஸும் போனது. 'டப்' சத்தம் அதுதான்.

வலது போர்டுக்குக் கிடைத்தது ஒய் ஃபேஸும் நியூட்ரலும், ஆனால் இடம் மாறி. ஃபேஸ் வர வேண்டிய முனையில் நியூட்ரல், நியூட்ரல் வர வேண்டிய முனையில் ஃபேஸ். மாறுமின்சாரம் என்பதால் அது ஓடியது. 'வலது பக்கம் நன்றாக இருக்கிறதே, அப்படியானால் இணைப்பு சரி, இடது பக்கம் மெஷின் கோளாறு' என்று எல்லோரும் நம்பியதற்கு இந்த வலது பாதிதான் காரணம். பாதி வேலை செய்யும் தப்பு முழுத் தப்பைவிட மோசமானது, கண்டுபிடிக்க விடாது.

டெஸ்டர் வைத்துப் பார்க்கவில்லையா? பார்த்தார். சிவப்பில் எரிந்தது, மஞ்சளில் எரிந்தது, நீலத்திலும் எரிந்தது, கறுப்பில் எரியவில்லை. எல்லாம் சுவர் வயருக்குச் சரியான விடைகளே. நியான் டெஸ்டர் 'இங்கே ஃபேஸ் இருக்கிறது' என்பதை மட்டும் சொல்லும். இரண்டு முனைகளுக்கு நடுவே எத்தனை வோல்ட் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. ஹாப்பை இணைக்கும் முன், அதன் பழுப்பும் நீலமும் சேரப்போகும் சுவர் வயர்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வைத்திருந்தால் 400 என்று காட்டியிருக்கும், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

இந்தப் பகுதிக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. வளைகுடாவில் பத்துப் பதினைந்து வருடம் வேலை பார்த்துத் திரும்பிய எலக்ட்ரீஷியன்கள் இங்கே நிறையப் பேர். அவர்களில் சிலர் சொந்த ஊரிலும் பழுப்பு, நீலம் போட்டே வீட்டை வயரிங் செய்கிறார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டில் நீலம் ஃபேஸ், அடுத்த வீட்டில் நீலம் நியூட்ரல். வயர் இழுத்தவர் ஒருவர், சாதனத்தை இணைப்பவர் வேறொருவர் என்றால், சுவரிலிருந்து வரும் நிறத்தையும் நம்ப முடியாது, கேபிளின் நிறத்தையும் நம்ப முடியாது. சுவர் வயரை டி.பி. பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகத் தொடர்ச்சி பார்த்து உறுதி செய்ய வேண்டும். கேபிளை, ஹாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் படத்தை வைத்து உறுதி செய்ய வேண்டும். அந்தப் படம் கிரானைட்டில் ஹாப்பை இறக்கிய பிறகு கண்ணுக்குத் தெரியாது. இறக்கும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் அதற்கு ஈடில்லை.

சாம்பல் எப்போதும் நியூட்ரல் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கம்பிச் சுருள் சிவக்கும் பழைய கண்ணாடி ஹாப்கள் சிலவற்றில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றுமே ஃபேஸ், நீலம் மட்டும் நியூட்ரல். கேபிள் இல்லாமல் வரும் மாடல்களில் முனைப் பலகையில் 1, 2, 3 ஃபேஸ்கள், 4, 5 நியூட்ரல் என்று எண்கள் இருக்கும், செம்புப் பட்டைகள் தனியாகக் கிடைக்கும். ஒற்றை ஃபேஸ் என்றால் 1, 2, 3 மூன்றையும் பட்டையால் சேர்க்க வேண்டும், 4-ஐயும் 5-ஐயும் சேர்க்க வேண்டும். பல ஃபேஸ் என்றால் படத்தில் சொன்ன பட்டைகளைத் தவிர மற்றவற்றைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். ஒரு பட்டை மறந்து நின்றால் இரண்டு ஃபேஸும் நேருக்கு நேர் மோதும்.

நியூட்ரல் என்ற பலவீனமான கால்

இந்த வீட்டில் அதுவரை நடக்காத, ஆனால் நடக்கக் காத்திருந்த ஒன்று ஆய்வில் அகப்பட்டது. டி.பி. பெட்டிக்குப் பக்கத்தில் மூன்று ஃபேஸ் செலக்டர் சுவிட்சுகள். ஒரு ஃபேஸ் போனால் அந்தச் சுவிட்சைத் திருகி, மீதமுள்ள ஃபேஸில் வீட்டை ஓட்டும் ஏற்பாடு. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூன்று ஃபேஸ் வீடுகளில் சாதாரணமாகக் காண்பது. ஹாப்பின் இரண்டு ஃபேஸும் இந்தச் செலக்டர் வழியாகத்தான் வந்தன.

கணக்கைப் பார்ப்போம். 7.2 கிலோவாட் இரண்டாகப் பிரிந்தால் பாதிக்கு 3.6 கிலோவாட், 230 வோல்ட்டில் 15.65 ஆம்பியர். இரண்டு பாதியும் வெவ்வேறு ஃபேஸில் முழு வேகத்தில் ஓடும்போது, பொது நியூட்ரலில் திரும்புவதும் கிட்டத்தட்ட அதே 15.65 ஆம்பியர்தான். இரண்டு மின்னோட்டங்களும் 120 டிகிரி விலகி இருப்பதால் கூட்டினாலும் அளவு ஏறாது. இப்போது ஆர் ஃபேஸ் போய்விட்டது, வீட்டில் ஒருவர் செலக்டரை ஒய்க்குத் திருப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பாதியும் ஒரே ஃபேஸில். நியூட்ரலில் 31.3 ஆம்பியர். ஆனால் ஒவ்வொரு ஃபேஸ் எம்.சி.பி.யும் (மின்னோட்டம் மிஞ்சினால் விழும் சுவிட்ச்) பார்ப்பது அதே 15.65 ஆம்பியரைத்தான். எதுவும் ட்ரிப் ஆகாது.

சுவருக்குள் பைப்பில் போகும் 4 ஸ்கொயர் பி.வி.சி. செம்பு வயர், மூன்று வயரில் சுமை இருக்கும் நிலையில், 30 டிகிரியில் 28 ஆம்பியர் தாங்கும். அடுக்களைச் சுவரில் 40 டிகிரி என்று எடுத்தால் 0.87-ஆல் பெருக்க வேண்டும், 24 ஆம்பியர் சொச்சம். அதில் 31 ஓடினால் உடனே தீப்பிடிக்காது. இன்சுலேஷன் மாதக்கணக்கில் வெந்து காய்ந்து உரியும். 6 ஸ்கொயர் என்றால் 36 பெருக்கல் 0.87, சரியாக 31 ஆம்பியர். ஆக இந்த இணைப்புக்கு நியூட்ரல் 6 ஸ்கொயருக்குக் குறையக் கூடாது. அதோடு ஹாப்பைச் செலக்டருக்கு முன்னாலேயே பிரித்து எடுத்துவிட வேண்டும். ஒரு ஃபேஸ் இல்லாத நாளில் பாதி ஹாப்பில் சமைத்துக்கொள்ளலாம். இந்த வீட்டில் இரண்டையும் செய்தார்கள்.

நியூட்ரல் தளர்ந்தாலும் ஆபத்துதான். இரண்டு பாதியும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே வரிசையாக நின்றுவிடும். கம்பிச் சுருள் ஹாப்பாக இருந்து, ஒரு பக்கம் 3.6 கிலோவாட்டும் மறு பக்கம் 1 கிலோவாட்டும் ஓடிக்கொண்டிருந்தால், குறைவாக ஓடும் பக்கத்துக்குச் சுமார் 313 வோல்ட் கிடைக்கும், மற்றதுக்கு 87. இண்டக்‌ஷனில் போர்டுகள் குறுக்கே புகுந்து கணக்கை மாற்றும், ஆனால் சிக்குவது பெரும்பாலும் சுமை குறைந்த பாதிதான். அதனால் நியூட்ரலில் மட்டும் தனியாக ஃபியூஸோ சுவிட்சோ வைக்கக் கூடாது. வைத்தால் ஃபேஸ்களோடு சேர்ந்து விழும் நான்கு போல் கருவிதான்.

ஓவனும் வெட்டிய எர்த்தும்

ஓவன் மூன்று மாதம் மழைக்காலத்தில் பெட்டியோடு மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. ஓவனின் சூடேற்றும் கம்பி ஓர் உலோகக் குழாய்க்குள் இருக்கும். கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே அடைத்திருப்பது மக்னீசியம் ஆக்சைடு தூள். நன்றாகக் காய்ந்திருந்தால் அது அருமையான இன்சுலேட்டர், ஆனால் ஈரத்தை உறிஞ்சும். குழாய் முனையிலுள்ள அடைப்பு வழியே குமரி மாவட்டத்துக் காற்றின் ஈரம் மெல்ல உள்ளே போய்விடும்.

500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்ததில் மேல் கிரில் கம்பியும் பின்புற ஃபேன் வளையமும் நன்றாக இருந்தன. அடிக் கம்பி மட்டும் 0.03 மெகாஓம், அதாவது 30,000 ஓம். 230 வோல்ட்டில் கசிவு 7.7 மில்லி ஆம்பியர். ஆர்.சி.சி.பி. (கசிவைக் கண்டால் கரண்டைத் துண்டிக்கும் கருவி) அதைப் பொறுத்துக்கொள்ளும். கம்பி சூடேறத் தொடங்கியதும் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் பரவி, இன்சுலேஷன் முதலில் இன்னும் இறங்கும், அப்புறம்தான் காயும். 10,000 ஓமுக்கு இறங்கினால் கசிவு 23 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-க்கும் 30-க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் விழலாம். அதிலும் இந்த வீட்டில் மொத்த வீட்டுக்கும் ஒரே ஆர்.சி.சி.பி., வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் எல்லாவற்றின் சிறு கசிவும் அதில் சேரும். மூன்று நான்கு நிமிடத்தில் ட்ரிப் ஆனதற்குக் காரணம் இதுவே. கருவி தன் வேலையைத்தான் செய்தது.

செய்த வைத்தியம், ஓவன் பிளக்கைத் திறந்து பச்சை-மஞ்சள் வயரை வெட்டி டேப் சுற்றியது. எர்த்துக்குப் போக வழி இல்லை, கசிவு இல்லை, ட்ரிப் இல்லை. ஓவனின் உடம்பு முழுக்க, அந்த 10,000 ஓம் வழியாக, 230 வோல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் கைப்பிடியைத் தொட்டால், ஈர உடம்பின் எதிர்ப்பு 1,500 ஓம் என்று கொண்டால், 20 மில்லி ஆம்பியர் உடம்பு வழியே போகும். பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகுவதற்கு 10 மில்லி ஆம்பியர் சொச்சமே போதும். 20-இல் ஆர்.சி.சி.பி. விழலாம், விழாமலும் போகலாம். வீட்டில் சுரீரென்றதோடு நின்றது, கம்பி அதற்குள் ஓரளவு காய்ந்திருந்ததாலும் காலில் செருப்பு இருந்ததாலும்தான்.

சரியான வைத்தியத்துக்கு அரை நாள் போதும். பிளக்கைப் பிடுங்கி, ஓவனின் பின் தகட்டைக் கழற்றி, ஈரமான அடிக் கம்பியின் இரண்டு முனை வயர்களையும் கழற்றி, தகரத்தில் படாதபடி பீங்கான் கனெக்டரில் தனித்தனியே அடைத்து வைத்தார்கள். பின் தகட்டை மூடி, எர்த்தை மறுபடி இணைத்து, நல்ல நிலையில் இருந்த ஃபேன் வளையத்தை மட்டும் வைத்து 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓட்டினார்கள். ஓவனின் சூடே அடிக் கம்பியை வெளியிலிருந்து காய வைத்தது. ஆறியபின் அளந்தபோது 5 மெகாஓமுக்கு மேல். காயாமல் 1 மெகாஓமுக்குக் கீழேயே நின்றிருந்தால் கம்பியை மாற்ற வேண்டியதுதான்.

எர்த் பற்றி இன்னொன்று. வீட்டின் எர்த் பைப்பை மார்ச் மாதத்தில் அளந்ததில் 38 ஓம். இந்தப் பக்கத்துச் செம்மண், செங்கல் பாறை (லேட்டரைட்) மண் கோடையில் காய்ந்தால் அப்படித்தான். ஃபேஸ் நேராகச் சாதனத்தின் உடம்பில் பட்டால்கூட 230-ஐ 38-ஆல் வகுத்து 6 ஆம்பியர்தான் ஓடும். அதற்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. 'எர்த் போட்டிருக்கு, எம்.சி.பி. இருக்கு, அப்புறம் எதுக்கு ஆர்.சி.சி.பி.?' என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வகுத்தல் கணக்கு போதும். முதல் பைப்பிலிருந்து 5 மீட்டர் தள்ளி, 40 மில்லிமீட்டர் ஜி.ஐ. பைப், 2.5 மீட்டர் நீளம், கரியும் உப்பும் இட்டு இரண்டாவது குழி தோண்டி இரண்டையும் இணைத்ததில் 14 ஓமுக்கு வந்தது. அப்போதும் 16 ஆம்பியர்தான் ஓடும், எம்.சி.பி. உடனே விழாது. ஆர்.சி.சி.பி. கண் இமைக்கும் நேரத்தில் விழும்.

பழுப்பேறிய பெட்டி

கருப்பு பிளாஸ்டிக் கனெக்டர் பட்டை, 15 ஆம்பியர் அளவுள்ளது, ஹார்ட்வேர் கடையில் கிடைப்பது. சுவரிலிருந்து 4 ஸ்கொயர் வயரும் ஹாப்பின் மெல்லிய பல இழைக் கேபிளும் ஒரே துளையில். ஸ்க்ரூ தடித்த வயரைப் பிடித்தது, மெல்லிய இழைகள் பக்கத்தில் நழுவி நின்றன. அந்த இடத்தில் 0.1 ஓம் எதிர்ப்பு இருந்தாலே, 15.65 ஆம்பியர் ஓடும்போது 24 வாட் சூடு. கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்கில் 24 வாட் என்பது சால்டரிங் அயர்னுக்குச் சமம். மரப் பலகைக்குப் பின்னால், காற்றில்லாத இடத்தில். மூடியின் உட்புறம் பல்லி முட்டை ஓடும் கிடந்தது. பைப் வாயை அடைக்காமல் விட்டால் இந்த ஊரில் பல்லியும் எறும்பும் குடிவந்துவிடும்.

பல இழை வயரின் முனையில் லக் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக முனை) அழுத்தாமல் ஸ்க்ரூவுக்குள் விடக் கூடாது. இழைகளில் ஈயம் பற்ற வைத்து இறுக்குவதும் வேண்டாம். ஈயம் சூட்டில் மெல்ல அமுங்கும், ஸ்க்ரூ தளரும். நன்றாகச் செய்தது போலத் தோன்றி ஆறு மாதத்தில் கருகும் இணைப்பு அது.

மறுபடி செய்த வேலை

ஹாப்புக்கு: செலக்டருக்கு முன்னாலிருந்து தனி இணைப்பு. 4 போல் 40 ஆம்பியர் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஏ வகை. இண்டக்‌ஷன் போர்டில் கோளாறு வந்தால் கசிவில் நேர்மின்சாரத் துடிப்பு கலந்திருக்கும், ஏ.சி. வகை மட்டுமே உள்ள மலிவான ஆர்.சி.சி.பி. அதை உணராமல் போகலாம். அதன் பின் 4 போல் 20 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. அங்கிருந்து 25 மில்லிமீட்டர் பைப்பில் 6 ஸ்கொயர் வயர் நான்கு: சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை, ஒவ்வொன்றும் 14 மீட்டர். பழைய 4 ஸ்கொயர் வயர்களையே கயிறாக வைத்துப் புதியதை இழுத்தார்கள், சுவரை உடைக்கவில்லை. பைப்பில் வேறு சர்க்யூட் எதுவும் சேர்க்கவில்லை. சேர்த்தால் தாங்கும் அளவை இன்னும் 0.8-ஆல் பெருக்கிக் குறைக்க வேண்டும்.

மேடைக்கு மேலே, ஹாப்பின் ஓரத்திலிருந்து 45 சென்டிமீட்டர் பக்கவாட்டில் 4 போல் 40 ஆம்பியர் ஐசொலேட்டர் (முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்). ஹாப்புக்கு நேர் மேலே சுவிட்ச் வைப்பது இங்கே பரவலாக உள்ள வழக்கம். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் அந்தச் சுவிட்சைத் தொட ஜுவாலைக்குள் கை நீட்ட வேண்டும். கருகிய கனெக்டருக்குப் பதில் 40 ஆம்பியர் பீங்கான் முனைப் பலகை, உலோகப் பெட்டியில், இழுப்பறையைக் கழற்றினால் கை எட்டும் இடத்தில். இணைப்பு: கேபிளின் பழுப்பு சுவரின் சிவப்போடு. கேபிளின் கறுப்பு சுவரின் மஞ்சளோடு. கேபிளின் நீலம், சாம்பல் இரண்டும் சுவரின் கறுப்போடு. பச்சை-மஞ்சள் பச்சையோடு. நிறம் ஒத்துப்போகாத ஒவ்வொரு முனையிலும் சரியான நிறத்தில் சுருங்கு குழாய் போட்டு, பெட்டி மூடியின் உட்புறம் இதே வரிகளை மார்க்கரில் எழுதினார்கள். அடுத்து வரும் வயர்மேன் 'இதென்ன கறுப்பு மஞ்சளோடு போகிறது' என்று 'சரி' செய்துவிடாமல் இருக்க வேண்டுமே.

ஓவனுக்கு: பி ஃபேஸிலிருந்து 16 ஆம்பியர் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.பி.ஓ. (ஆர்.சி.சி.பி.யும் எம்.சி.பி.யும் சேர்ந்த கருவி), 4 ஸ்கொயர் வயர் மூன்று, மேடை மேல் 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச், பக்கத்து அலமாரிக்குள் 16 ஆம்பியர் சாக்கெட். 2.9 கிலோவாட்டுக்கு 12.6 ஆம்பியர், 16 ஆம்பியர் பிளக் போதும். சாக்கெட்டை ஓவனுக்கு நேர் பின்னால் வைத்தால் ஓவன் உள்ளே போகாது, போனாலும் பிளக் வேகும். ஓவனின் பின்புறமும் மேல்புறமும் போகும் கேபிள் 90 டிகிரி தாங்கும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண பி.வி.சி. வயர் 70 டிகிரிக்கானது.

ஓவனுக்கும் ஹாப்புக்கும் தனித்தனி கசிவுக் காப்பு வந்ததால், ஒன்று விழுந்தாலும் வீடு இருட்டாகாது. எது கசிகிறது என்று தேடவும் வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை: ஒவ்வொன்றின் நியூட்ரலும் அதனதன் ஆர்.சி.சி.பி.க்குத் திரும்ப வேண்டும். பக்கத்து லைட் பாயிண்டிலிருந்து நியூட்ரல் கடன் வாங்கினால் சுவிட்ச் போட்ட கணமே ட்ரிப் ஆகும். இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் 'காரணமில்லாமல்' ஆர்.சி.சி.பி. விழுவதற்குப் பெரும்பாலும் இப்படிக் கலந்த நியூட்ரலே காரணம். பிறகு யாராவது ஆர்.சி.சி.பி.யையே பைபாஸ் செய்து கதையை முடிப்பார்கள்.

இடது பவர் போர்டை மட்டும் மாற்றினார்கள். கண்ணாடி, சுருள், தொடு பலகை எல்லாம் நலம். தவறான இணைப்பால் வந்த பழுது என்பதால் வாரண்டி செல்லவில்லை.

கரண்ட் கொடுக்கும் முன் பார்த்தவை

ஹாப்பையும் ஓவனையும் கழற்றி வைத்துவிட்டு, முதலில் தொடர்ச்சி: ஒவ்வொரு வயரும் டி.பி. பெட்டியின் எந்த முனையிலிருந்து வருகிறது என்று. எர்த் வயர் டி.பி. பெட்டி முதல் இணைப்புப் பெட்டி வரை 0.1 ஓமுக்குள். பிறகு மெக்கர்: ஃபேஸ்-ஃபேஸ், ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் எல்லாம். 1 மெகாஓம் என்பது குறைந்தபட்சம், புது வயரில் நூற்றுக்கணக்கில் காட்டும். மின்னணு போர்டு உள்ள ஹாப்பை இணைத்து வைத்துக்கொண்டு மெக்கர் போட்டால் போர்டு போகும்.

அதன்பின் சாதனம் இல்லாமலேயே கரண்ட் கொடுத்து, பீங்கான் பலகையில் அளவு. ஹாப்பின் பழுப்பு, நீலம் வரப்போகும் முனைகளுக்கு இடையே 232. கறுப்பு, சாம்பல் முனைகளுக்கு இடையே 229. பழுப்பு, கறுப்பு முனைகளுக்கு இடையே 401. முதல் இரண்டு 230-ஐ ஒட்டியும் மூன்றாவது 400-ஐ ஒட்டியும் இருந்தால்தான் இந்த மாடலுக்கு இணைப்பு சரி. ஆர்.சி.சி.பி.யை டெஸ்ட் பட்டனிலும் மீட்டரிலும் பார்த்தார்கள். 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி நொடிக்குள் விழ வேண்டும். பட்டன் கருவியின் உள்ளிருக்கும் எதிர்ப்பைக் கொண்டு சோதிப்பது, எர்த் அறுந்திருந்தாலும் பட்டனுக்கு விழும். பட்டன் வேலை செய்வதால் எர்த் சரி என்று ஆகிவிடாது.

கடைசியாக நான்கு வட்டத்திலும் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து, ஓவனையும் 200 டிகிரியில் போட்டு, முக்கால் மணி நேரம். கிளாம்ப் மீட்டரில் நியூட்ரல் 15 ஆம்பியருக்கு மேல் போகவில்லை. அணைத்தபின் ஒவ்வொரு முனையையும் கையால் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு மட்டும். எல்லா வட்டமும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடாது என்று சுமையைக் குறைத்துக் கணக்கிடும் முறை வெளிநாட்டு நூல்களில் உண்டு. ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் பத்துப் பதினைந்து பேருக்குச் சமைக்கும் வீடுகளில் அந்தத் தள்ளுபடியை எடுக்க வேண்டாம்.

ஒற்றை ஃபேஸ் இணைப்பில் இதே ஜோடியை வைக்கக் கேட்பவர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்து 10.1 கிலோவாட், 44 ஆம்பியர். தமிழ்நாட்டில் 4 கிலோவாட்டுக்கு மேல் மூன்று ஃபேஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் பாறசாலைப் பக்கம் வீடென்றால் கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) அலுவலகத்தில் அவர்கள் விதிப்படி. இரு பக்கமும் அந்தந்த மாநில உரிமம் பெற்றவர் கையெழுத்து வேண்டும், இந்தப் பக்கத்து உரிமம் அந்தப் பக்கம் செல்லும் என்று நினைக்கக் கூடாது. சுமையைக் கூட்ட மனமில்லை என்றால் இரண்டு வட்ட ஹாப் வாங்கலாம், அல்லது மொத்த வாட்டை 2.8, 3.5 என்று கட்டுப்படுத்தும் அமைப்புள்ள மாடலாகப் பார்க்கலாம். அந்த அமைப்பை முதல் முறை கரண்ட் கொடுக்கும்போதே வைக்க வேண்டியிருக்கும், கையேட்டில் அதற்கென்று ஒரு பக்கம் இருக்கும்.

ஐப்பசி இடிமழைக்கு முன் டி.பி. பெட்டியில் டைப் 2 சர்ஜ் காப்பு வைக்கச் சொல்லப்பட்டிருக்கிறது. அதற்கும் எர்த் பைப்புதான் வழி, குழியில் தண்ணீர் ஊற்றுவதைக் கோடையில் விடக் கூடாது. முனை ஸ்க்ரூக்களை மூன்று மாதம் கழித்து, மெயினை அணைத்து ஒருமுறை இறுக்க வேண்டும். புது வயரின் செம்பு, சூடேறி ஆறிச் சற்று அமுங்கியிருக்கும்.